திருச்சிக்கும் பலாலிக்கும் எவ்வளவு தூரம்?

தூரம் என்பதை நம் முன்னோர் எண்களால் மட்டும் அளந்தவர் அல்லர். கூப்பிடு தூரம் என்றனர். கல்லெறி தூரம் என்றனர். விடியுமுன் புறப்பட்டால் வெயில் ஏறுமுன் போய்ச் சேரலாம் என்றனர். கடற்கரை மக்களோ இன்றும் இத்தனை மணி நேர ஓட்டம் என்றே கடல் வழியைக் குறிப்பிடுகின்றனர். நடப்பவனுடைய காலும், ஓடுகின்ற படகுமே அவர்களுக்கு அளவுகோல்கள். இந்த அளவுகோல்களில் ஓர் உண்மை அடங்கியுள்ளது. ஓர் ஊர் நமக்கு எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதை வரைபடத்தில் உள்ள இடைவெளி தீர்மானிப்பதில்லை. அந்த ஊருக்கு நாம் போகவும் வரவும் எவ்வளவு காலம் ஆகின்றது என்பதே தீர்மானிக்கின்றது.

புதுக்கோட்டை மாவட்டத்தின் கீழ்க்கோடியில், பாக்கு நீரிணையின் கரையில், கோட்டைப்பட்டினம் அமைந்துள்ளது. இராவுத்தர் அப்பா தர்காவுக்கும் மீன்பிடி இறங்குதளத்திற்கும் பெயர்பெற்ற ஊர் இது. இதற்குத் தெற்கே சற்று தூரத்தில் ஜெகதாப்பட்டினம், வடக்கே மணமேல்குடி. இவ்வூர்களில் நின்றுகொண்டு, "யாழ்ப்பாணம் எவ்வளவு தூரம்?" என்று கேட்டால், நான்கு பேர் நான்கு விதமாக விடை கூறுவர். நால்வர் கூறுவதும் மெய்யாகவே இருக்கும். அது எங்ஙனம் என்பதைச் சற்று விரிவாகக் காண்போம். ஏனெனில் இது வெறும் பொது அறிவு வினா அன்று. இக்கரையிலுள்ள பல குடும்பங்களின் கண்ணீரோடு தொடர்புடைய வினா.

நேர்கோட்டுக் கணக்கு

2025ஆம் ஆண்டு மார்ச் 30ஆம் நாள், திருச்சிராப்பள்ளி விமான நிலையத்திலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்திற்கு இண்டிகோ நிறுவனம் நேரடி விமானப் போக்குவரத்தைத் தொடங்கிற்று. இவ்விரு நிலையங்களுக்கும் இடைப்பட்ட நேர்கோட்டுத் தூரம் ஏறத்தாழ 184 கிலோமீட்டர். கடல் மைல் கணக்கில் ஏறத்தாழ 99.

கடல் மைல் என்றவுடன் அஃதென்ன என்று மாணவச் செல்வங்கள் வினவக்கூடும். நிலநடுக்கோட்டிலிருந்து துருவம் வரை பூமியைத் தொண்ணூறு பாகைகளாகப் பிரித்திருக்கின்றனர் அல்லவா? அந்தப் பாகை ஒன்றினை மீண்டும் அறுபது கலைகளாகப் பிரித்தால், ஒரு கலையின் நீளமே ஒரு கடல் மைல். அது 1.852 கிலோமீட்டருக்குச் சமம். மணிக்கு ஒரு கடல் மைல் செல்லும் வேகத்திற்கு ஒரு நாட் என்று பெயர். கப்பலோட்டிகள் வகுத்த இவ்வளவையே பின்னர் விமானமோட்டிகளும் தமதாக்கிக்கொண்டனர். ஆகவே கோட்டைப்பட்டினத்து விசைப்படகின் ஓட்டுநரும், திருச்சியிலிருந்து புறப்படும் விமானத்தின் ஓட்டுநரும் பேசுகின்ற அளவுமொழி ஒன்றே.

விமான நிலையங்களுக்கு இடைப்பட்ட தூரத்தைச் சாலை வளைவுகளைக் கொண்டு கணிப்பதில்லை. உருண்டையான பூமியின்மேல் ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் எந்த வழியில் அது படியுமோ, அந்த வழியே மிகக் குறுகிய வழி. திருச்சியிலிருந்து பலாலிக்கு அந்த நூலை இழுத்துப் பார்த்தால், அது தென்கிழக்காகச் சென்று, பட்டுக்கோட்டைக்குத் தெற்கே கரையைக் கடந்து கடலில் இறங்கும். மொத்த வழியில் பாதிக்குச் சற்றுக் குறைவு நம் நிலம்; எஞ்சியது கடல்.

கோட்டைப்பட்டினத்திலிருந்தே அந்த நூலை இழுத்தாலோ, பலாலி ஏறத்தாழ 100 கிலோமீட்டர்தான். திருச்சியைவிட யாழ்ப்பாணமே கோட்டைப்பட்டினத்திற்கு அண்மையில் உள்ளது என்றால் பலர் வியப்படையக்கூடும். சாலை வழியே திருச்சி ஏறத்தாழ 120 கிலோமீட்டர் அல்லவா? இரு நாடுகளின் கடல் எல்லையோ இன்னும் அண்மையில் இருக்கின்றது. 1974ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட உடன்படிக்கை வகுத்த அந்தக் கோடு, கோட்டைப்பட்டினத்துக் கரையிலிருந்து சுமார் 20 கடல் மைல் தொலைவில் செல்கின்றது. மணிக்கு ஏழு கடல் மைல் ஓடும் ஒரு படகு மூன்று மணி நேரத்திற்குள் அதனைத் தொட்டுவிடும். கோடு காகிதத்தில் உண்டு, கடலின்மேல் இல்லை.

இருபத்திரண்டு நிமிடம் ஒரு மணியானது ஏன்?

திருச்சி, பலாலி வழித்தடத்தில் ஏடிஆர் 72 வகை விமானம் பறக்கின்றது. சுழல்விசிறி கொண்ட இவ்விமானத்தில் 78 பேர் அமரலாம். நடுவானில் இதன் வேகம் மணிக்கு ஏறத்தாழ 500 கிலோமீட்டர். 184ஐ 500ஆல் வகுத்துப் பார்க்கும் பள்ளி மாணவன், "இருபத்திரண்டு நிமிடத்தில் போய்விடலாமே!" என்பான். ஆனால் கால அட்டவணையிலோ ஏறத்தாழ ஒரு மணி நேரம் என்று காணப்படுகின்றது. மாணவனின் வகுத்தல் சரியே, அட்டவணையும் சரியே. வேறுபாடு எங்கிருந்து வந்தது?

கால அட்டவணையில் குறிக்கப்படும் நேரம் பறக்கும் நேரம் மட்டும் அன்று. விமானம் நிற்குமிடத்திலிருந்து சக்கரம் உருளத் தொடங்கும் கணத்திலிருந்து, சேருமிடத்தில் வந்து நின்று சக்கரம் ஓயும் கணம் வரை உள்ள முழு நேரமே அது. ஓடுபாதையின் தலைப்பிற்கு உருண்டு செல்ல வேண்டும். அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டும். எழும்பியபின் படிப்படியாக உயர வேண்டும். உயரும்போது முழு வேகம் கிட்டுவதில்லை. வேகம் கிட்டிச் சற்று நேரத்திற்குள்ளாகவே இறங்கும் ஆயத்தங்கள் தொடங்கிவிடுகின்றன. காற்றை எதிர்நோக்கியே விமானம் இறங்க வேண்டுமாதலால், ஓடுபாதையைச் சுற்றிவந்து மறுமுனையிலிருந்து இறங்க நேரிடுவதும் உண்டு. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, எதிர்பாராத சிறு தாமதங்களுக்கென்று சில நிமிடங்களை நிறுவனத்தார் சேர்த்தே குறிக்கின்றனர்.

வழி குறுகக் குறுக, இந்தச் செலவு நேரங்களின் பங்கு பெருகுகின்றது. இதனை விளக்க நம் அண்மையிலேயே நல்லதோர் எடுத்துக்காட்டு உள்ளது. திருச்சியிலிருந்து கொழும்பை அடுத்த கட்டுநாயக்கா விமான நிலையம் ஏறத்தாழ 417 கிலோமீட்டர். அதாவது பலாலியைப் போல் இரண்டு மடங்கிற்கும் மேல். ஆயினும் ஜெட் விமானத்தில் அங்கு செல்லவும் ஏறத்தாழ ஒரு மணி நேரமே ஆகின்றது. ஜெட் விமானம் நடுவானில் மணிக்கு 800 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் செல்வதால், தூரத்தின் மிகுதியை அது விழுங்கிவிடுகின்றது. அப்படியாயின் பலாலிக்கும் ஜெட் விமானத்தையே விடலாகாதோ என்று கேட்கலாம். பலாலியின் ஓடுபாதை நீளம் குறைந்தது. குறுகிய ஓடுபாதையில் எழவும் இறங்கவும் வல்ல சிறு விமானங்களே அதற்கு ஏற்றவை.

கடிகாரம் செய்யும் வேடிக்கை

நம் மாவட்டத்துக் குடும்பங்களில் சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ வளைகுடா நாடுகளிலோ ஒருவரேனும் உழைத்துக்கொண்டிராத குடும்பங்கள் குறைவு. வழியனுப்ப வரும் தாய்மார்கள் பயணச்சீட்டில் அச்சிட்ட நேரத்தைப் பார்த்துத் திகைப்பதுண்டு. திருச்சியிலிருந்து சிங்கப்பூர் ஏறத்தாழ 2,980 கிலோமீட்டர். துபாய் ஏறத்தாழ 2,940 கிலோமீட்டர். இரண்டும் ஏறக்குறைய ஒரே தூரம். இரண்டிற்கும் ஏறக்குறைய நான்கு மணி நேரப் பயணம். ஆனால் திருச்சியில் காலை பத்து மணிக்குப் புறப்பட்டவர், நான்கு மணி நேரம் பறந்து சிங்கப்பூரில் இறங்கும்போது அவ்வூர்க் கடிகாரம் மாலை நான்கரை என்று காட்டும். அதே பத்து மணிக்குத் துபாய்க்குப் புறப்பட்டவர் இறங்கும்போதோ, அங்கே பகல் பன்னிரண்டரைதான் ஆகியிருக்கும்.

சிங்கப்பூர் நேரம் நம் நேரத்திற்கு இரண்டரை மணி முந்தியது. துபாய் நேரம் ஒன்றரை மணி பிந்தியது. பயணச்சீட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊரின் கடிகாரப்படியும், சேரும் நேரம் சேரும் ஊரின் கடிகாரப்படியும் அச்சிடப்படுகின்றன. ஒன்றை மற்றொன்றிலிருந்து கழித்துப் பயண நேரத்தைக் காண முயல்வோர் ஏமாந்து போவர். முதலில் இரண்டையும் ஒரே கடிகாரத்திற்குக் கொண்டுவந்து, அதன் பின்னரே கழிக்க வேண்டும். வீட்டார் நள்ளிரவில் விழித்திருந்து, "இன்னும் பேசவில்லையே" என்று கலங்குவது இதனால் பெரிதும் குறையும்.

இலங்கைக்குச் செல்வோருக்கு இத்தொல்லை இல்லை. 1996ஆம் ஆண்டில் அந்நாடு தன் கடிகாரத்தை முன்னே தள்ளி வைத்துக்கொண்டது. 2006ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள் மீண்டும் நம் நேரத்திற்கே திரும்பிற்று. ஆகையால் இன்று இரு கரைகளிலும் ஒரே மணி அடிக்கின்றது.

பழைய வழிகள்

விமான வழி இக்கடலுக்குப் புதியது அன்று. 1938ஆம் ஆண்டிலேயே டாட்டா நிறுவனத்தின் தபால் விமானங்கள் கொழும்பு வரை நீட்டிக்கப்பெற்றன. இலங்கை சுதந்திரம் அடைவதற்குச் சில வாரங்களுக்கு முன், 1947ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள், ஏர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து புறப்பட்டு, யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு வந்தது. அந்தத் தகோட்டா விமானத்திற்குச் சீதாதேவி என்று பெயரிட்டிருந்தனர். காங்கேசன்துறை விமான நிலையம் என்று அந்நாளில் வழங்கியது பலாலித் தளமே. இரண்டாம் உலகப் போரின்போது ஆங்கிலேய விமானப் படைக்கென அமைக்கப்பட்ட தளம் அது.

கடல் வழியோ இன்னும் பழையது. 1914ஆம் ஆண்டு பாம்பன் பாலம் திறக்கப்பட்ட பிறகு, சென்னையில் ரயிலேறியவர் தனுஷ்கோடியில் இறங்கி, கப்பலேறித் தலைமன்னார் சேர்ந்து, அங்கே மீண்டும் ரயிலேறிக் கொழும்பு சென்றார். போட் மெயில் என்ற பெயரைப் பெரியவர்கள் இன்றும் மறக்கவில்லை. 1964ஆம் ஆண்டு டிசம்பரில் வீசிய கொடும்புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதன்பின் இராமேசுவரத்திலிருந்து தொடர்ந்த கப்பலும் 1980களில் இலங்கையில் மூண்ட போரினால் நின்றது. பலாலியும் போர்த்தளமாயிற்று, வெளிநாட்டு விமானங்கள் அங்கே இறங்குவது ஒழிந்தது.

அது முதல், திருச்சியிலிருந்து யாழ்ப்பாணம் செல்ல விரும்பியவர் முதலில் தெற்கே கொழும்பிற்குப் பறந்து, பின்னர் அங்கிருந்து வடக்கே நெடுந்தூரம் சாலையிலோ ரயிலிலோ திரும்ப வேண்டியதாயிற்று. 184 கிலோமீட்டர் தூரத்திலுள்ள ஊருக்குச் செல்ல, ஏறத்தாழ 800 கிலோமீட்டர் பயணம்! போர் உச்சத்தில் இருந்த காலங்களில் அந்த வழியும் அடைபட்டது.

2009ஆம் ஆண்டு போர் முடிந்தது. அதற்குப் பத்து ஆண்டுகளுக்குப் பின், 2019ஆம் ஆண்டு அக்டோபர் 17ஆம் நாள், பலாலி பன்னாட்டு விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் சென்னையிலிருந்து அலையன்ஸ் ஏர் விமானம் பறக்கத் தொடங்கிற்று. நான்கு மாதங்களில் கொரோனா வந்து அதனை நிறுத்தியது. 2022ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் மீண்டும் தொடங்கியது. 2024ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் இண்டிகோவும் சென்னையிலிருந்து சேர்ந்துகொண்டது. அதற்கு அடுத்த படியே திருச்சி வழித்தடம். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணியர் கப்பலும் 2023ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் தொடங்கி, சில நாட்களில் நின்று, 2024ஆம் ஆண்டு ஆகஸ்டில் மீண்டும் ஓடத் தொடங்கியது. ஏறத்தாழ 60 கடல் மைல் தூரத்தை அது கடக்க நான்கு மணி நேரம் ஆகின்றது.

வீட்டு வாசலிலிருந்து ஒரு கணக்கு

விமான நேரம் ஒரு மணிதானே என்று மகிழ்ந்துவிடலாகாது. கோட்டைப்பட்டினத்திலிருந்து ஒருவர் யாழ்ப்பாணம் செல்வதாக வைத்துக்கொள்வோம். அறந்தாங்கி, புதுக்கோட்டை வழியாகப் பேருந்தில் திருச்சி விமான நிலையம் சேர மூன்று மணி நேரத்திற்குக் குறையாது. அந்நிலையம் புதுக்கோட்டைச் சாலையிலேயே அமைந்திருப்பதால் நகருக்குள் சென்று திரும்ப வேண்டியதில்லை. அது ஒரு நன்மை. வெளிநாட்டுப் பயணியர் மூன்று மணி நேரம் முன்னதாகவே வந்துவிட வேண்டும் என்பது நிறுவனங்களின் அறிவுரை. பறப்பதற்கு ஒரு மணி. இறங்கியபின் குடிநுழைவுச் சோதனைக்கும், பலாலியிலிருந்து யாழ்ப்பாண நகருக்குச் செல்லும் சாலைப் பயணத்திற்கும் குறைந்தது ஒன்றரை மணி. கூட்டிப் பார்த்தால் எட்டரை மணி நேரம் ஆகின்றது. அதில் விமானத்தினுள் கழிவது ஒரே ஒரு மணி நேரம்!

எனினும் இதுவும் பெரும் பேறே. விடியலில் ஊரில் புறப்பட்டவர் அன்று மாலையே அக்கரையில் இருக்கலாம் என்ற நிலை பல்லாண்டுகளாக இல்லாதிருந்து வந்துள்ளது.

ஆயிரத்து நானூறு கிலோமீட்டர்

இனி இக்கட்டுரையின் உயிரான பகுதிக்கு வருவோம். "சாமி, யாழ்ப்பாணம் சிறையில் இருக்கிற பிள்ளையைப் பார்த்து வர எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்கும் தாய்மார்கள் இக்கரையில் உண்டு. அவர்கள் கேட்பது விமான அட்டவணையை அன்று. தம் பிள்ளை எவ்வளவு தூரத்தில் இருக்கிறான் என்பதை.

கோட்டைப்பட்டினத்திலிருந்தும் ஜெகதாப்பட்டினத்திலிருந்தும் கடலுக்குச் செல்லும் விசைப்படகு மீனவர்கள், எல்லையைத் தாண்டினர் என்ற குற்றச்சாட்டின்பேரில் இலங்கைக் கடற்படையினரால் பிடிக்கப்படுவது ஆண்டுதோறும் நிகழ்கின்றது. அவர்களைக் காங்கேசன்துறைக்கோ வேறு துறைக்கோ கொண்டுசென்று, நீதிமன்றத்தில் நிறுத்திச் சிறையில் அடைக்கின்றனர். வாரங்கள் கழியும், சிலருக்கு மாதங்கள் கழியும். விடுதலை ஆணை பிறந்த பிறகு அவர்கள் வீடு திரும்பும் வழியைப் பாருங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புப் பக்கம் கட்டுநாயக்கா வரை சாலை வழியே 350 கிலோமீட்டருக்கும் மேல். கட்டுநாயக்காவிலிருந்து சென்னை மீனம்பாக்கம் வரை ஆகாய வழியே ஏறத்தாழ 645 கிலோமீட்டர். சென்னையிலிருந்து கோட்டைப்பட்டினம் வரை மீண்டும் சாலை வழியே 400 கிலோமீட்டருக்கும் மேல். ஆக மொத்தம் ஏறத்தாழ 1,400 கிலோமீட்டர். கடலின் குறுக்கே நேராக வந்தால் 100 கிலோமீட்டர்!

போகும்போது சில மணி நேரம். திரும்பும்போது இலங்கைத் தீவில் பாதியையும் தமிழகத்தில் பாதியையும் சுற்றி வரவேண்டிய விதி. பல மீனவர்கள் தம் வாழ்நாளில் முதன்முறையாக விமானம் ஏறுவது இப்படித்தான். பிள்ளைகளுக்குச் சொல்லி மகிழத்தக்க முதல் விமானப் பயணம், அவர்களுக்கு மட்டும் சொல்ல நாணும் பயணமாகிவிடுகின்றது.

இவர்கள் திரும்பக் கடல் வழியே இல்லாமல் போயிற்றா என்றால், அதுவும் இல்லை. விடுதலையான மீனவர்களைக் கடல் எல்லையில் வைத்து இந்தியக் கடலோரக் காவற்படையிடம் ஒப்படைத்து, காரைக்கால் கரையில் இறக்கிய காலமும் இருந்தது. 2021ஆம் ஆண்டு அக்டோபரில், கோட்டைப்பட்டினத்துப் படகொன்று இலங்கைக் கடற்படைக் கப்பலுடன் மோதுண்டு மூழ்கியது. படகிலிருந்த மூவரில் இருவர் காப்பாற்றப்பட்டனர். ஓர் இளைஞர் மாண்டார். அவருடைய உடல் கடல் எல்லையில் ஒப்படைக்கப்பட்டு, கடல் வழியே கோட்டைப்பட்டினம் வந்து சேர்ந்தது. உயிர் நீத்தவருக்குத் திறந்த அந்த நேர்வழி, உயிரோடிருப்பவருக்கும் திறக்கலாகாதா என்று அவ்வூரார் எண்ணுவது இயல்பன்றோ?

அக்கரையின் வழக்கு

நீதி பேசுவோர் இரு தரப்பையும் கேட்க வேண்டும். அக்கரையில் வாழும் மீனவரும் தமிழரே. போர் நடந்த காலத்தில் அவர்கள் கடலுக்குச் செல்லத் தடைகள் இருந்தன. போர் ஓய்ந்து, கடன்பட்டு வலை வாங்கிக் கடலில் இட்டால், நம் இழுவை மடிப் படகுகள் அந்த வலைகளை அறுத்துக்கொண்டு போகின்றன என்று அவர்கள் முறையிடுகின்றனர். கடலின் அடித்தளத்தை வாரிச் செல்லும் இழுவை மடி, மீன்குஞ்சுகளையும் அவை தங்கும் பாசியையும் சேர்த்தே அழிக்கின்றது என்பது மறுக்கவொண்ணாத உண்மை. இலங்கை 2017ஆம் ஆண்டில் அம்முறையையே சட்டத்தால் தடைசெய்தது.

நம் பக்கத்து மீனவர் கூறுவதும் பொய் அன்று. எல்லை அண்மையில் இருக்கின்றது. நீரோட்டம் படகை இழுக்கின்றது. மீன் எல்லை அறியாதது. டீசல் செலவுக்கேனும் மீன் படவில்லையெனில் படகு உரிமையாளரும் கூலியாளும் சேர்ந்தே பட்டினி. தலைமுறை தலைமுறையாக இருகரையாரும் தொழில் செய்து வந்த கடல் இது. இரு வழக்குகளும் மெய்யாக இருக்கும்போது, ஒருவரை ஒருவர் காண்பதற்கு வழி இருந்தாலன்றித் தீர்வு பிறப்பது அரிது. கச்சத்தீவு அந்தோனியார் திருவிழாவில், கடவுச்சீட்டும் விசாவும் இன்றி இருகரை மக்களும் ஒரே பந்தலின்கீழ் அமர்ந்து மன்றாடியதை நம்மில் பலர் கண்டிருக்கின்றனர். திருவிழா நாளில் அருகருகே அமர்பவர், மற்ற நாட்களில் வலையறுத்தவனும் வலையிழந்தவனுமாகப் பகைத்து நிற்பது எத்தகைய துயரம்!

செய்யத்தக்கவை

இச்செய்திகளிலிருந்து நம் குடும்பங்கள் கைக்கொள்ளத்தக்கவை சில உண்டு.

முதலாவது, கடலோரக் குடும்பங்களில் ஒருவரேனும் கடவுச்சீட்டு பெற்று வைத்துக்கொள்வது நன்று. துன்பம் வந்த பின்னர் விண்ணப்பம் எழுதத் தொடங்கினால், ஒரு மணி நேர விமானப் பயணம் பல வாரக் காத்திருப்பாகிவிடும். இலங்கைக்குச் செல்லக் கடவுச்சீட்டோடு மின்னணுப் பயண அனுமதியும் தேவை. இவற்றை நம்பிக்கையான இடத்தில் விசாரித்தே செய்க. இடைத்தரகரிடம் பணத்தைக் கொட்ட வேண்டா.

இரண்டாவது, யாழ்ப்பாணத்தில் 2010ஆம் ஆண்டு முதல் இந்தியத் துணைத் தூதரகம் ஒன்று இயங்கி வருகின்றது. சிறைப்பட்ட நம் மீனவரைச் சந்தித்து வேண்டிய உதவிகளைச் செய்வது அதன் கடமைகளுள் ஒன்று. வீட்டார் தம் செய்தியை மீன்வளத்துறை அலுவலகத்தின் வாயிலாக அங்கே சேர்ப்பிக்கலாம். படகில் சென்றோர் பெயர், ஆதார் எண், படகின் பதிவு எண், நோய் இருப்பின் உட்கொள்ளும் மருந்தின் பெயர் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி வீட்டிலே வைத்திருத்தல் வேண்டும். கலங்கிய நேரத்தில் நினைவு உதவாது, தாள் உதவும்.

மூன்றாவது, விமானப் பயணம் மேற்கொள்வோர் நிறுவனத்தாரின் அட்டவணையை ஒவ்வொரு முறையும் புதிதாகப் பார்த்துக்கொள்க. அட்டவணைகள் பருவந்தோறும் மாறுகின்றன. வழித்தடங்கள் தொடங்குவதும் நிற்பதும் உண்டு என்பதை மேலே கண்ட வரலாறே காட்டும். இருக்கைகள் நிரம்பாத வழித்தடம் நெடுநாள் நிலைப்பதில்லை. போவோர் உண்டு என்றால்தான் போக்குவரத்து உண்டு.

நான்காவது, ஊர்ப் பெரியோரும் மீனவர் சங்கத்தாரும் அரசுகளிடம் ஒரு கோரிக்கையை விடாது வைக்கலாம். விடுதலையாகும் மீனவரைக் கொழும்பு வழியே சுற்றவிடாது, காங்கேசன்துறையிலிருந்து கடல் வழியாகவோ, பலாலியிலிருந்து திருச்சிக்கு ஆகாய வழியாகவோ அனுப்பி வைப்பீராக என்பதே அது. புதிய பாலம் கட்டச் சொல்லவில்லை. புதிய கப்பல் வாங்கச் சொல்லவில்லை. ஏற்கெனவே திறந்துள்ள வழியை, அதிகம் தேவைப்படுவோருக்கும் திறந்து வைக்கும்படியே கேட்கின்றோம். ஏறத்தாழ 1,400 கிலோமீட்டர், பலாலி, திருச்சி வழியாக வந்தால் 300 கிலோமீட்டர் அளவிற்குச் சுருங்கும்.

இறுதியாக ஒன்று. கடல் எல்லைக்கு அப்பால் இழுவை மடியோடு செல்லாதிருக்கும் மனவுறுதியும் நம்மிடத்தே வளர வேண்டும். ஆழ்கடல் மீன்பிடிப்பு முதலிய மாற்று வழிகளுக்கு அரசு உதவி செய்யுமிடத்து, அதனைக் கேட்டுப் பெற இளைஞர் முன்வர வேண்டும். நூறு கிலோமீட்டர் தூரத்தில் இருப்பவன் நம் அயலான். அவனுடைய வலையும் நம் வலையே. அவ்வுணர்வு இருகரையிலும் வேரூன்றும் நாளில், திருச்சியிலிருந்து பலாலிக்குப் பறக்கும் விமானத்தில் கோட்டைப்பட்டினத்து மீனவர் தம் மனைவி மக்களோடு விருந்தாளியாகச் சென்று வருவர். அந்நாள் விரைந்து வருவதாக!